ஜிம்மி என்றொரு வள்ளம்

நெடுந்தீவு
10.09.1989

தம்பி சில்வெஸ்ரர்,

உன்னுடைய கார்ட் கிடைத்தது. மொத்தம் நாலு வரி, அதில் இரண்டு குளிரைப் பற்றி. இலண்டனில் மை அவ்வளவு விலையோ என்று அத்தான் கேட்கிறார். இருக்கட்டும். நானும் சுகம் விசாரிக்க எழுதவில்லை, ஒரு காரியம் கேட்கத்தான் எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, அக்கா கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைத்தா என்று சொல்லாதே.

கிறேஸுக்கு மூட்டுக்காய்ச்சல் வந்து போனது உனக்குத் தெரியும். அது மூட்டை விட்டுவிட்டு இருதயத்தைப் பிடித்துக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் பெரிய டொக்டர் பார்த்தார். இருதயத்துக்குள் ஒரு கதவு சரியாகச் சாத்துப்படவில்லையாம். பெரிய பிள்ளை ஆகும்வரை மாதம் ஒரு ஊசி போட வேண்டும். "ஒரு மாதமும் தவறவிடாதேங்கோ அம்மா. திரும்பக் காய்ச்சல் வந்தால் இந்த இருதயம் தாங்காது" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒன்பது வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஊசி இங்கே இல்லை. கடல் தாண்டிக் குறிகட்டுவானுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போக வேண்டும். ஆட்களை ஏற்றுகிற லோஞ்ச் கடல் அடங்கினால் ஓடும், காற்று எழும்பினால் கட்டிக் கிடக்கும். போன மாதம் சோளகக் காற்றில் ஒன்பது நாள் ஓடவில்லை. மூன்று தரம் அவளைத் துறைக்குக் கூட்டிப் போய்த் திரும்பி வந்தேன். "கடல் இண்டைக்கும் எங்களை வேண்டாமெண்டு சொல்லுது அம்மா" என்கிறாள். பகிடியாகத்தான் சொன்னாள்.

அத்தானுடையது பாய் வள்ளம். காற்று எதிர்த்தால் அது மாடு மாதிரி நின்ற இடத்தில் நிற்கும். அதனால் ஊரில் ஒரு முடிவு எடுத்தோம். நோயாளிகளுக்கென்று பொதுவாக ஒரு வள்ளம். எங்கள் கோயில் பங்கில் உள்ள பெண்கள் எல்லோரும் இரண்டு வருடமாக உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் போட்டு வருகிறோம். அந்தப் பிடியரிசியை விற்றுத்தான் பலகை வாங்கினோம். அத்தானும் இன்னும் நாலு பேரும் கூலி இல்லாமல் கட்டுகிறார்கள். வள்ளம் முடிந்துவிடும். எஞ்சின் வாங்கத்தான் வழியில்லை.

நீ பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாய். அங்கே டொக்டர்மாரிடம் கேட்டுப் பார். இரக்கமுள்ள ஒருவராவது இருப்பார்.

உன் அக்கா,
மதலேனா

*

இலண்டன்
15.10.1989

அன்புள்ள அக்கா,

நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்யவில்லை.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. நீங்கள் சட்டம் போட்டு மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறீர்களே ஒரு படம், அதில் நான் போட்டிருக்கும் வெள்ளை அங்கி, உடுப்பில் நாய்மயிர் ஒட்டாமல் இருப்பதற்காகப் போடுவது. படத்தை மட்டும்தான் அனுப்பினேன், ஆஸ்பத்திரி என்று நான் எழுதவில்லை. நீங்கள் அப்படி எழுதியபோது மறுத்தும் எழுதவில்லை. இரண்டு வருடமாக மறுக்கவில்லை.

நான் நாய் குளிப்பாட்டுகிறேன் அக்கா. இங்கே அதற்கென்று கடை இருக்கிறது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு, துவாயால் ஒற்றி, சூட்டுக்காற்று பிடித்து உலர்த்தி, மயிர் வெட்டி, நகம் நறுக்கி, காது துடைத்து அனுப்ப வேண்டும். முதல் கிழமை மூன்று கடி வாங்கினேன். நம்மூரில் கல்லெடுத்தால் ஓடும் நாயைத்தான் எனக்குத் தெரியும். இங்கே உள்ளவை கதிரையில் ஏறி இருந்து, என்ன தாமதம் என்று பார்க்கின்றன. இப்போது கடி இல்லை. அவற்றுக்கு என்னைப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால், இந்த நாட்டில் என்னைக் கண்டதும் சந்தோசப்படும் சீவன்கள் அவைதான்.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்து வாசித்தேன். என் முகத்தைப் பார்த்து முதலாளியம்மா மிஸிஸ் கொலின்ஸ் என்னவென்று கேட்டார். சொன்னேன். கிறேஸின் கதவு, லோஞ்ச், பிடியரிசி எல்லாம் சொன்னேன். பிடியரிசி என்ற இடத்தில் அவர் கையில் வைத்திருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

இந்த அம்மா வருடத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறப்பார். அன்றைக்கு யாருக்கும் கட்டணம் இல்லை. நாயைக் குளிப்பாட்டிக்கொண்டு விரும்பியதை உண்டியலில் போடலாம். ஒரு ஞாயிறு பக்கத்து முதியோர் மடத்துக்கு, ஒன்று கண் தெரியாதவர்களுக்கு, ஒன்று கடலில் ஆபத்தில் மாட்டியவர்களைக் காப்பாற்றப் போகும் படகுக்காரருக்கு. "கடலில் தத்தளிக்கிறவர்கள் எங்கே இருந்தால் என்ன? அடுத்த தரம் திறக்கிற ஞாயிறு உன் தீவுக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்திருந்தால் இது நடந்திருக்குமோ தெரியாது. என்னை மன்னித்துவிடுங்கள். அத்தானுக்கு மெதுவாகச் சொல்லுங்கள். கிறேஸுக்கு ஒரு சட்டை வாங்க அளவு அனுப்புங்கள்.

சில்வெஸ்ரர்

*

நெடுந்தீவு
28.11.1989

தம்பி,

வாசித்துவிட்டு முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு படத்தைப் போய்ப் பார்த்தேன். அங்கியில், தோளுக்குக் கீழே, இரண்டு மயிர் ஒட்டியிருக்கிறது. இரண்டு வருடமாகத் தூசி என்று நினைத்துத் துடைத்துக்கொண்டிருந்தவள் நான்! படத்தை எடுக்கவில்லை. மாதாவுக்கு முதலே தெரிந்திருக்கும், அவ ஒன்றும் சொல்லவில்லையே.

அத்தான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டு, "மயிரோ வெட்டுறான்? நாய்க்கோ?" என்றார். "ஓம்" என்றேன். "உங்கடை குடும்பத்திலை ஒருத்தனும் கத்தி பிடிச்சவன் இல்லையே" என்றார். "கடலிலை மீனுக்குக் கத்தி வைக்கிற நீங்கள் கதைக்கிறியள்" என்றேன். அதோடு அடங்கிவிட்டார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று ஒரு சொல் உண்டல்லவா, அதைச் சொல்லிச் சொல்லித்தான் நம்மையெல்லாம் வளர்த்தார்கள். அங்கே உண்மையாகவே நடுவீட்டில் வைக்கிறார்கள் போலிருக்கிறது.

ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். உன் மருமகள் விட்டாளா? பள்ளிக்கூடம் முழுக்க, "எங்கடை மாமா நாயளுக்கு சோப்புப் போடுறவர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதோடு நில்லாமல் பக்கத்து வளவுத் தம்பையா மாஸ்டரின் ஜிம்மியைப் பிடித்துக் கிணற்றடியில் என் சவர்க்காரத்தால் குளிப்பாட்டினாள். ஜிம்மி அந்த ஈரத்தோடு போய்ச் சாம்பல் மேட்டில் புரண்டுவிட்டு, மாஸ்டரின் வேட்டியில் உரசிக்கொண்டு நின்றது. மாஸ்டர் மூன்று நாள் எங்கள் வேலிப் பக்கம் பார்க்கவில்லை.

இந்த மாதம் ஊசி தவறவில்லை. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, வரும் மாதம் எப்படியோ.

அவளுக்குச் சட்டை வாங்க அளவு கேட்டிருந்தாய். இங்கே நாடா இல்லை. கடிதத்துக்குள் ஒரு வெள்ளை நூல் இருக்கும். ஒரு முனை தோள், மறு முனை முழங்கால். நடுவில் உள்ள முடிச்சு இடுப்பு. வளருகிற பிள்ளை, இரண்டு விரல் கூட்டியே வாங்கு.

அந்த அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லு. இங்கே ஐம்பத்துமூன்று அடுப்பில் பிடியரிசி போடுகிற பெண்கள் சொன்னதாகவும் சொல்லு.

மதலேனா

*

இலண்டன்
20.01.1990

அன்புள்ள அக்கா,

போன ஞாயிறு நடந்தது. காலையிலிருந்து மழை. ஒருவரும் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால், குடையும் நாயுமாகத் தெருமுனை வரைக்கும் ஆட்கள். மிஸிஸ் கொலின்ஸ் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தார், "ஒன்பது வயது கிறேஸுக்கு ஒரு படகு" என்று. அறுபத்தொரு நாய் குளிப்பாட்டினோம். மாலையில் என் விரல்கள் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன. ஒரு கிழவர் தன்னிடம் நாய் இல்லை என்று பக்கத்து வீட்டு நாயை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். ஊரில் உள்ளவர்களை நினைத்துக்கொண்டேன்.

சேர்ந்த காசு எஞ்சினுக்குக் காணும் அக்கா. கொழும்பில் உள்ள கடைக்கு நேரே அனுப்பினால், அவர்கள் லொறியில் யாழ்ப்பாணம் அனுப்பிவிடுவார்களாம். விசாரித்துவிட்டேன்.

ஒரே ஒரு விசயம். மிஸிஸ் கொலின்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை. பதினாலு வருடம் வளர்த்த நாய் போன வருடம் செத்துவிட்டது. அதன் சங்கிலி இன்னும் கடைக் கதவில் தொங்குகிறது. உண்டியலை எண்ணி முடித்ததும் அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் படகுக்கு என் பிள்ளையின் பேரை வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! பேர் தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பினால் சுவரில் மாட்டலாம்" என்றார். நான் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த நாயின் பேர் ஜிம்மி.

சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். அது கிடைத்த அன்றே காசை அனுப்பச் சொல்கிறேன். கிறேஸின் சட்டை வாங்கிவிட்டேன், நீலம். ஆள் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன்.

சில்வெஸ்ரர்

*

நெடுந்தீவு
04.03.1990

சில்வெஸ்ரர்,

உனக்கு மூளை கலங்கிவிட்டதா? ஜிம்மியா?

இந்தத் தீவில் மூன்று வீட்டுக்கு ஒரு ஜிம்மி. தம்பையா மாஸ்டரின் ஜிம்மி, சங்கக்கடை ஜிம்மி, துறையில் மீன்தலை பொறுக்கும் நொண்டி ஜிம்மி. இந்தக் கரையில் உள்ள வள்ளங்களின் பேரெல்லாம் உனக்குத் தெரியும். அந்தோனியார், யாகப்பர், வேளாங்கண்ணி, சந்தனமாதா. கடலுக்கு இறங்குமுன் சுவாமியார் வந்து பேர் சொல்லித் தீர்த்தம் தெளிக்கிறவர். தெளிக்காத வள்ளத்தில் ஒருவன் கால் வைக்கமாட்டான். சுவாமியார் தீர்த்தச் செம்பும் கையுமாக நின்று ஜிம்மி என்று சொல்லவோ?

அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பிடியரிசி போட்ட பெண்டுகளுக்கு நான் என்ன மறுமொழி சொல்லுறது? உங்கடை வாயிலிருந்து எடுத்த அரிசியிலை நாய்க்குக் கோயில் கட்டினனான் எண்டோ? துறையிலை நிக்கிறவன் எல்லாம் விசில் அடிச்சு எல்லோ கூப்பிடுவான்!" பங்குக் கூட்டத்திலும் கேட்டார்கள். அந்தோனியார் என்றுதான் முடிவு.

நீ ஏன் உண்மையை எழுதினாய்? அந்த அம்மாவின் செத்த புருசன் பேர் என்று எழுதியிருந்தால் இங்கே ஒரு குஞ்சும் வாய் திறந்திருக்காது. இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை செய்தவனுக்கு இந்த ஒரு பொய் வரவில்லையோ?

அந்த அம்மாவிடம் வேறு பேர் கேள். நல்ல மனுசி, விளங்கும். வள்ளம் வேலை முடிந்து கரையில் நிற்கிறது.

மதலேனா

*

இலண்டன்
10.04.1990

அக்கா,

பொய் எழுதியபோது படத்துக்குச் சட்டம் போட்டீர்கள். உண்மை எழுதியபோது மூளை கலங்கிவிட்டது என்கிறீர்கள். இனி எதை எழுத?

மிஸிஸ் கொலின்ஸிடம் நான் கேட்கமாட்டேன். கொடுக்கிறவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வராது. அறுபத்தொரு நாயைக் குனிந்து நின்று குளிப்பாட்டியவர் அவரும்தான், அறுபத்திரண்டு வயதில். அவருக்கு அது நாய் இல்லை. "எங்கள் ஊரில் உங்கள் பிள்ளையின் பேரைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள்" என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

காசு இருக்கிறது. பேரை நீங்கள் தீர்மானித்துவிட்டு எழுதுங்கள். அதுவரைக்கும் நானும் எழுதவில்லை.

சில்வெஸ்ரர்

*

நெடுந்தீவு
05.06.1990

என் தம்பிக்கு,

ரோசம் பிடித்தவன் நீ. நானும் குறைந்தவளில்லை. இரண்டு பேரும் ரோசத்தோடு இருந்த இடைவெளியில் ஒரு ஊசி தவறிவிட்டது.

மே மாதம் சோளகம் முந்தி வந்தது. பதினொரு நாள் லோஞ்ச் இல்லை. கிறேஸுக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் எரிந்தது. முழங்கால் இரண்டும் பனங்காய் மாதிரி வீங்கின. ஊர் மருந்துச்சாலை அப்போதிக்கரி ஐயா கொடுத்த குளிசையில் காய்ச்சல் இறங்கியது. காற்று விட்ட பிறகு கூட்டிப்போய் ஊசி போட்டோம். டொக்டர் குழாயை நெஞ்சில் வைத்துக் கனநேரம் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்குப் பயம்.

வீட்டுக்கு வந்த மறுநாள் அத்தானைக் காணவில்லை. தேடிக்கொண்டு போனால் கரையில் நிற்கிறார், கையில் பெயின்ற் பேணி. வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில், கொட்டை எழுத்தில் எழுதி முடித்துவிட்டார். ஜிம்மி. என்னைப் பார்க்காமல், "நாயின்ரை பேரெண்டால் என்ன, பேயின்ரை பேரெண்டால் என்ன. பிள்ளையைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தால் காணும்" என்றார். சுவாமியாரிடம் பயந்து பயந்து சொன்னேன். "நாயையும் அவர்தானே படைச்சவர் மதலேனா" என்று சிரித்தார். இதை நாங்கள் மார்ச் மாதமே கேட்டிருக்கலாம்.

வரும் பதின்மூன்றாம் திகதி அந்தோனியார் திருநாள். அன்றைக்குத் தீர்த்தம் தெளித்து இறக்குகிறோம். கொடியேற்றத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து படக்காரர் வந்திருந்தார். வள்ளத்தைப் படம் எடுத்தாயிற்று. கிறேஸ் பேருக்குப் பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கழுவி வந்ததும் அனுப்புகிறேன்.

எஞ்சினை அனுப்பச் சொல்லு. கெதியாய்ச் சொல்லு.

அக்கா

*

இலண்டன்
02.09.1990

அன்புள்ள அக்கா,

உங்கள் ஜூன் மாதக் கடிதம் ஜூலைக் கடைசியில்தான் கிடைத்தது. அதற்குள் வடக்கில் யுத்தம் தொடங்கி ஆறு கிழமை. நீங்கள் தீர்த்தம் தெளித்தீர்களா? எல்லோரும் எங்கே இருக்கிறீர்கள்? யாழ்ப்பாணத்துக்குத் தபால் இல்லை என்கிறார்கள். இதைக் கொழும்பில் ஒரு சுவாமியாருக்கு அனுப்புகிறேன், ஆராவது ஆளிடம் கொடுப்பாராம்.

கடிதம் கிடைத்த அன்றே கொழும்புக் கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். வடக்குக்கு எஞ்சின் அனுப்ப ஏலாது, மண்ணெண்ணெயே போகவிடுகிறார்கள் இல்லை என்று சொன்னார்கள். ஏப்ரலில் என்றால் அனுப்பியிருப்பார்களோ என்று கேட்டேன். "ஏப்ரலில் வாரம் இரண்டு அனுப்பினோம் ஐயா" என்றார் அந்த மனிதர்.

இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். எழுதாமல் விட்டால் நல்லது. ஆனால் ஒளித்து ஒளித்துத்தான் இவ்வளவும் வந்தது. உங்கள் கடிதத்தை மிஸிஸ் கொலின்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். பேருக்காகவா இவ்வளவு நாள் நின்றீர்கள் என்று திகைத்துப்போனார். "அது சும்மா ஒரு ஆசை சில்வெஸ்ரர். வாயில் வந்தது, சொன்னேன். எந்தப் பேர் வைத்தாலும் அன்றைக்கே கொடுத்திருப்பேனே. ஏன் என்னைக் கேட்கவில்லை?" என்றார்.

ஏன் கேட்கவில்லை? பெரியவர்கள் வாயால் வந்த ஆசை நமக்குக் கட்டளை. கொடுக்கிறவரைத் திருப்பிக் கேள்வி கேட்டால் மரியாதை இல்லை. அப்படித்தான் வளர்ந்தோம். இங்கே ஆசையை ஆசையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை அக்கா.

காசு அப்படியே கிடக்கிறது. கிறேஸுக்கு ஊசி போட்டீர்களா என்று மட்டும் எப்படியாவது அறிவியுங்கள்.

சில்வெஸ்ரர்

*

நெடுந்தீவு
18.02.1991

தம்பி,

தம்பையா மாஸ்டர் மகளைத் தேடிக் கொழும்புக்குப் போகிறார். காடும் கடலும் தாண்டிப் போக வேண்டும். அவருடைய பையில்தான் இந்தக் கடிதம் வருகிறது. நீ செப்டெம்பரில் எழுதியது எனக்குத் தை மாதம் கிடைத்தது.

கிறேஸ் போய்விட்டாள். மார்கழி பன்னிரண்டாம் திகதி.

ஜூனுக்குப் பிறகு இரண்டு ஊசிதான் போட முடிந்தது. லோஞ்சுக்கு எண்ணெய் இல்லை. பாய் வள்ளத்தில் பயந்து பயந்து மூன்று தரம் போனோம். ஒருதரம் போய்ச் சேர்ந்தபோது மருந்து முடிந்துவிட்டிருந்தது. கார்த்திகையில் காய்ச்சல் வந்தது. இந்த முறை இறங்கவில்லை. படுக்க ஏலாமல் என் தோளில் சாய்ந்துகொண்டே இருந்தாள். மூச்சு, மரம் அரிகிற மாதிரி.

பன்னிரண்டாம் திகதி விடிய அத்தான் தூக்கினார். புது வள்ளம்தான் அகலம், பிள்ளையைச் சாய்த்துப் படுக்க வைக்கலாம் என்று, ஜூனில் தீர்த்தம் தெளித்ததோடு கரையில் நின்ற ஜிம்மியை இறக்கினார். எஞ்சின் பூட்டுகிற இடம் வெறுமையாக இருந்தது. பாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு அத்தானும், அவரோடு வள்ளம் கட்டிய கந்தையா அண்ணையும், நானும். வாடைக்காற்று நேரே முகத்தில். நாங்கள் போக வேண்டிய திசையிலிருந்துதான் அது வருகிறது. பாயை இறக்கிவிட்டுத் துடுப்புப் போட்டார்கள். பத்து முழம் போனால் ஆறு முழம் பின்னுக்குத் தள்ளுகிறது. குறிகட்டுவான் கரை கண்ணுக்குத் தெரிகிறது, தம்பி. பனை தெரிகிறது. பஸ் நிற்கிற இடம் தெரிகிறது.

பிள்ளை ஒருதரம் கண் திறந்தாள். "அப்பா, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோவன். ஓடும்" என்றாள். நாயைக் கூப்பிடுகிற மாதிரி என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அத்தானுக்கு உடனே விளங்கியது. துறையில் விசில் அடிப்பான்கள் என்று வெட்கப்பட்ட மனிசன், நடுக்கடலில் எழும்பி நின்று துடுப்பைக் குத்திக் குத்தி, "ஓடடா ஜிம்மி! ஓடடா என்ரை ராசா! ஓடு!" என்று கத்தினார். தொண்டை கிழியக் கத்தினார். கிறேஸ் சிரித்தாள். நான் பார்த்தேன், சிரித்தாள்.

அவர் கன நேரம் கத்திக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு இனிக் கேட்காது என்று எனக்கு முதலே தெரிந்துவிட்டது. அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திருப்பினதும் காற்று பின்னுக்கு வந்தது. வீட்டுக்கு வர அரை மணித்தியாலம்தான்.

எஞ்சின் வந்திருந்தாலும் எண்ணெய்க்கு எங்கே போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பகலில் அது போதும். ஏப்ரலில் வந்திருந்தால் மே மாத ஊசி தவறியிராது, அந்தக் காய்ச்சல் வந்திராது என்பது மற்ற நேரத்தில் வரும். நீயும் அப்படித்தான் கிடப்பாய் என்று தெரியும். உன்னில் எனக்குக் கோபம் இல்லை. மார்ச் மாதம் அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது.

படம் யாழ்ப்பாணத்தில் கழுவிக் கிடந்து இப்போதுதான் வந்தது. இதோடு வைத்திருக்கிறேன். அந்த அம்மாவுக்குத் தருகிறோம் என்றது. கொடு.

மதலேனா

*

இலண்டன்
21.05.1991

அக்கா,

எதையும் எழுத எனக்குத் தகுதி இல்லை. மூன்று கிழமையாக எழுதிக் கிழிக்கிறேன்.

படம் முதலில் வந்தது. மாஸ்டர் கடிதத்தையும் படத்தையும் வேறு வேறு உறையில் போட்டிருக்கிறார். ஒன்று மார்ச் கடைசியில் வந்தது, மற்றது ஏப்ரல் கடைசியில். படம் வந்த அன்று நான் துள்ளினேன் அக்கா. வள்ளம், பேர், கிறேஸ். கடைக்கு ஓடிப்போய்க் காட்டினேன். மிஸிஸ் கொலின்ஸ் அழுதார். பெரிதாக்கிச் சட்டம் போட்டு, ஜிம்மியின் சங்கிலி தொங்குகிற இடத்துக்கு மேலே மாட்டினார். வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள். "இதற்கு நாங்களும் கொடுத்தோம்" என்று தங்கள் நாய்களிடம் சொல்கிறார்கள். எஞ்சின் போகவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாளியம்மாவுக்கு மட்டும் தெரியும், அவர் சண்டை முடிந்ததும் போகும் என்று நம்புகிறார். உண்டியலில் இன்னும் போடுகிறார்கள்.

பிறகு கடிதம் வந்தது.

அன்றைக்கும் வேலைக்குப் போனேன். வெள்ளை அங்கியைப் போட்டேன். இரவல் நாயோடு வந்தாரே ஒரு கிழவர், அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். நாய்க்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். "சுகமாக இருக்கிறாள் ஐயா" என்று சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாமல் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொரு நாளும் அதையே சொல்கிறேன். மிஸிஸ் கொலின்ஸிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு நாயை மறைத்தேன், இவர்களுக்குப் பிள்ளையை மறைக்கிறேன். இனி ஒருவருக்கும் பொய் சொல்வதில்லை என்று நினைத்தவன் நான். அந்தச் சுவரில் உள்ள படத்தைக் கழற்றவோ? உண்மையைச் சொல்லவோ? நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்.

நீலச் சட்டை இங்கேதான் இருக்கிறது. கொண்டுவர ஆள் கிடைக்கவில்லை. நூலும் இருக்கிறது.

சில்வெஸ்ரர்

*

நெடுந்தீவு
30.08.1991

தம்பி,

இதைக் கொண்டுவருகிறவர் முற்றத்தில் நிற்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

அத்தான் ஜிம்மியைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்திருக்கிறார். தொழிலுக்குத் தரச் சொல்லி ஆட்கள் கேட்டார்கள், கொடுக்கவில்லை. வெயிலில் பேர் மங்கினால் பேணியை எடுத்துக்கொண்டு போய்த் திரும்ப எழுதிவிட்டு வருகிறார். தம்பையா மாஸ்டரின் நாய் அதன் நிழலில்தான் படுக்கிறது. அதையும் அவர் கலைப்பதில்லை.

உன் கேள்வியை அவரிடமும் கேட்டேன். அவர் பேணியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய்விட்டார். நான் சொல்கிறேன். படத்தைக் கழற்றாதே. சொல்லாதே. இங்கே எல்லோருக்கும் அவள் போனது தெரியும். என்னைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு கதை கதைக்கிறார்கள். அவளைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. அங்கேதான் அவளைச் சுகமா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

அந்தக் கிழவர் கேட்டால், பதினொரு வயது ஆகிவிட்டது என்று சொல்லு. மாதம் தவறாமல் கிளினிக்குக்குப் போய் வருகிறாள் என்று சொல்லு. வாங்கி வைத்த சட்டை கட்டையாகிவிட்டது, வேறு எடுக்க வேண்டும் என்று சொல்லு.

அக்கா